எழுத்து ஓடி முடியும் வரை

விளம்பரத்தை வெட்டத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் எழுதுகிறேன். நீங்கள் போனில் படம் எடுத்து, போனிலேயே வெட்டி ஒட்டி, ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஊருக்கே அனுப்பிவிடுகிறீர்கள். பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. என்னை ஒரு நாள் வந்து பழைய கதை பேசச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், எழுதுவதும் பெரிதாக வராது. ஆனாலும் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மாத்தளையில் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கடை இருந்தது. முதலாளி முஸ்லிம் என்பதால், அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பிள்ளைகள் படிக்கட்டும் என்று வீட்டுக்கு ஒரு கணினி வாங்கினார். பிள்ளைகள் அதில் கார் ஓட்டி விளையாடினார்களே தவிரப் படிக்கவில்லை. ஒரு நாள் கோபத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வந்து கடையில் வைத்தார். பிறகு கொழும்பில் யாரோ சொல்லி, தொலைக்காட்சியைப் பிடிக்கும் அட்டை ஒன்றை வாங்கி அதற்குள் பொருத்தினார். அண்டெனா வயரைப் பின்னால் செருகினால் கணினித் திரையிலேயே நாடகம் ஓடியது. பொத்தானை அழுத்தினால் பதிவானது. அதுவரை அண்டெனா கட்டுவதற்குக் கூரை ஏறிக்கொண்டிருந்த என்னை இறக்கி, அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். திரையில் இருந்த இங்கிலீசு எனக்குப் புரியாது. எந்த மூலையில் எந்தப் படம் இருக்கிறது என்பதை வைத்துப் பழகிக்கொண்டேன்.

அந்த வேலைக்கு நாங்கள் நினைத்ததைவிட அதிகம் ஆள் வந்தது. தோட்டங்களில் நாடகம் போகும் நேரம் பார்த்துக் கரண்டு நிற்கும். எல்கடுவையிலிருந்தும் ரிவர்ஸ்டன் பக்கத்திலிருந்தும் சாமான் வாங்க இறங்குகிறவர்கள், விட்டுப்போன கதையைச் சீடியில் அடித்து வாங்கிக்கொண்டு போவார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கத மட்டும் போதும் தம்பி, சோப்பு வெளம்பரமெல்லாம் வாணாம்." அதனால் விளம்பரத்தை வெட்டுவேன். தொடக்கத்தில் வரும் பெயர்களை வெட்டுவேன். கடைசியில் எழுத்து ஓட ஆரம்பித்ததும் அதோடு நிறுத்திவிடுவேன். இன்னொரு வேலையும் செய்தோம். மற்றக் கடைக்காரர்கள் எங்கள் சீடியை வாங்கி அப்படியே பிரதி எடுத்து விற்றார்கள். அதைத் தடுக்க, திரையின் மேல் மூலையில் தொலைக்காட்சிக்காரரின் முத்திரை வரும் இடத்தில், எங்கள் கடைப் பெயரும் போன் நம்பரும் எழுதிய பட்டை ஒன்றை ஒட்டிவிடுவோம். முத்திரை அதற்குக் கீழே மறைந்துவிடும். எங்கள் சீடி சுத்தமாக இருக்கும் என்று ஊரில் பெயர் இருந்தது.

நானா தொழிலில் எனக்குச் சொல்லித் தந்தது குறைவு. அவருக்கும் தெரியாது. ஒரே ஒரு கட்டளை மட்டும் போட்டிருந்தார்: "சீடி எடுத்துட்டுப் போன ஆள் பாத்துட்டு வந்து நல்லமுன்னு சொல்ற வரைக்கும் கொம்பியூட்டர்ல ஈக்கிறத அழிக்க வாணாம்." இடம் பற்றாத அந்தக் கணினியில் இது பெரிய தொந்தரவு. ஆனாலும் அதை நான் மீறியதில்லை.

அந்த வருசம், எல்கடுவைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து கூத்து வாத்தியார் ஒருவர் வந்தார். மாசி மாதம் அவர்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடந்தபோது தொலைக்காட்சிக்காரர்கள் வந்து படம் பிடித்திருந்தார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் அரை மணி நேர நிகழ்ச்சியாகப் போகப்போகிறது என்று தகவல் வந்திருந்தது.

"மழ தூறுனா லயத்து வீட்டுல கரண்டு இருக்காது தம்பி" என்றார் வாத்தியார். "எங்காளுங்க அவங்க மூஞ்சிய அவங்களே பாத்ததில்ல. நீங்க புடிச்சி வச்சிருங்க. ஆளுக்கொண்ணு அடிச்சிக் குடுங்க."

காமன் கூத்து தெரியாதவர்கள் உங்களில் இருக்கலாம். சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிக்கிறார். ரதி அழுது புலம்புகிறாள். மூன்றாம் நாள் மன்மதன் எழுப்பப்படுகிறான். இதைக் காமன் பொட்டல் என்ற திடலில் வேடம் கட்டி ஆடுவார்கள். மதனும் ரதியும் கட்டுகிறவர்கள் கையில் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். ரதியாக ஆடுவதும் ஆண்தான். அந்தத் தோட்டத்தில் பல வருசமாக ரதி கட்டியவர் சந்தனம். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தவர். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் அண்ணன் என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி போனது. பதிவு நன்றாகவே வந்தது. தப்புமேளச் சத்தம், எமன் கயிறோடு வருவது, வீரபத்திரன் வாளைச் சுழற்றுவது, நடுவில் தீ, தீயைச் சுற்றிச் சனங்களின் கூச்சல், ரதியின் அழுகை எல்லாம் இருந்தன. ரதி அழுதுகொண்டிருக்கும்போதே எழுத்து ஓட ஆரம்பித்தது. வழக்கப்படி அந்த இடத்தில் வெட்டினேன். மூலையில் பட்டையை ஒட்டினேன். சீடிகளை அடித்து, ஒவ்வொன்றின் மேலும் 'காமன்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து வாத்தியார் ஒரு துணிப் பையோடு வந்து, பையை மேசையில் கவிழ்த்தார். அத்தனையும் நான் அடித்துக் கொடுத்த சீடிகள்.

"என்னா தம்பி, மன்மதன எரிச்ச கையோட கடைய சாத்திட்டீங்க?"

"படம் முடிஞ்சிருச்சிங்களே வாத்தியாரே. எழுத்து ஓட ஆரம்பிச்சிருச்சி."

"எழுத்துக்குப் பின்னால என்னா ஓடுதுன்னு பாத்தீங்களா?"

நானாவின் கட்டளையால் முழுப் பதிவும் கணினியில் இருந்தது. ஓட்டிப் பார்த்தோம். வாத்தியார் சொன்னது சரி. எழுத்து மேலே ஏறிக்கொண்டிருக்க, அதற்குப் பின்னால் மூன்றாம் நாள் காட்சி போனது. சாம்பல் மேட்டில் தண்ணீர் தெளிக்கிறார்கள். மதன் கட்டியவர் எழுந்து நிற்கிறார். ரதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நிற்கிறாள்.

"எழுப்புறத அவங்க எழுத்துக்குப் பின்னால வச்சிட்டாங்க. பரவால்ல, அங்கயாவது இருக்குதே" என்றார் வாத்தியார். "எரிச்சத மட்டும் வீட்டுல வைக்கக் கூடாது தம்பி. சும்மா பேச்சில்லிங்க. ஒரு வருசம் அட மழ. எழுப்ப முடியல. மதன் கட்டுன பையன் கையில காப்போட காமன் பொட்டல்லயே கொட்டகைக்குள்ள ஒரு வாரமா கெடந்தான். அவன் அம்மாவே வீட்டுக்குள்ள எடுக்க மாட்டேனுட்டா."

"எழுத்த எல்லாம் வச்சா அசிங்கமா இருக்குமேங்க" என்றேன். அவ்வளவு பேசியதே எனக்கு அதிகம்.

உள்ளே இருந்து நானா குரல் கொடுத்தார். "பாக்குறது அந்தாளுதானே, நீ இல்லியே. அவரு கேட்ட மாதிரி போட்டுக் குடு."

கடைசி எழுத்து ஓடி முடியும் வரை விட்டு, எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன். பழையதைக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டோம். வாத்தியார் போகும்போது, "ஒண்ணு மட்டும் வந்து சேரல. யாருகிட்ட நிக்குதுன்னு தெரியல. தேடிப் புடிச்சி நானே ஒடச்சிர்றேன்" என்றார். அடுத்த முறை நகரத்துக்கு இறங்கியபோது, புதியது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் கணினியில் இருந்த பதிவை அழித்தேன்.

அது யுத்தம் கடுமையாக நடந்துகொண்டிருந்த காலம். சண்டை எங்கள் மாவட்டத்தில் இல்லை. சோதனைச் சாவடிகள் இருந்தன. பஸ்ஸிலிருந்து இறக்கி, அடையாள அட்டை பார்த்து, பை பார்த்து ஏற்றுவார்கள். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் சிலரை ஓரமாக நிற்கச் சொல்வார்கள். அப்படி நின்ற சிலர் அடுத்த பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்தார்கள். சிலரைத் தேடிக்கொண்டு அவர்களின் பெண்சாதிகள் வருசக்கணக்கில் கொழும்புக்கும் பூசா தடுப்பு முகாமுக்கும் அலைந்தார்கள். உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் வீடுகளிலும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஒரு நாள் காலை கடைப் போன் அடித்தது. நானா கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தார். நான்தான் எடுத்தேன். மறுபக்கம் சிங்களத்தில் ஒரு குரல் எங்கள் கடைப் பெயரைச் சொல்லி, அந்தக் கடையா என்று கேட்டது. ஆமாம் என்றேன். பொலிஸிலிருந்து பேசுகிறோம், நாவுலைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் ஒருவனைப் பிடித்து வைத்திருக்கிறோம், அவனிடம் சீடி ஒன்று இருக்கிறது, படத்தில் உங்கள் கடைப் பெயர் இருக்கிறது, நெருப்பு எரிகிறது, வாளோடு ஆள் ஆடுகிறான், இதை எடுத்தது நீங்களா என்று கேட்டது. "கடைக்குப் பொறுப்பான ஆள் உடனே வரவேண்டும். பின்னேரம் ஜீப் வரும். அதற்குள் வராவிட்டால் அவனை மேலிடத்துக்கு அனுப்பிவிடுவோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்த தெரேசா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"நீ ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு" என்றார். "எவனோ கடப் பேர ஒட்டிட்டான்னு சொல்லு. இந்தக் கொம்பியூட்டர கழட்டு, எங்கூட்டுல வச்சிக்கிறேன். கேட்டா, வித்துட்டம்னு சொல்லலாம்."

"அந்தாளு யாருன்னு தெரியலயே அக்கா."

"யாரா இருந்தா என்னா? நீ போனா ரெண்டாவது ஆளா ஒக்கார வப்பாங்க. ஒனக்குப் புள்ள குட்டி இல்லியா?"

அக்கா கெட்டவர் அல்ல. அவருடைய தம்பியைப் பிடித்து வைத்துத் திருப்பித் தந்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவன் யாரோடும் பேசுவதில்லை. அவர் சொன்னது அனுபவத்தில் சொன்னது.

நானாவின் போனுக்கு அடித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். கேட்பதற்கு ஆள் இருக்காது. அப்போது நான் செய்தது இவ்வளவுதான்: எது எனக்குத் தெரியும், எது தெரியாது என்று யோசித்தேன். அந்தச் சீடி என் கையால் அடித்தது என்று தெரியும். அதைத் தொலைக்காட்சியில் போனது என்று காட்டக்கூடிய எல்லாவற்றையும் நானே வெட்டி எடுத்துவிட்டேன் என்றும் தெரியும். முத்திரைக்கு மேல் பட்டை. தொடக்கத்தில் பெயர் இல்லை. நடுவில் விளம்பரம் இல்லை. சோப்பு விளம்பரம் ஒன்று இருந்திருந்தால்கூடப் பார்க்கிறவனுக்கு இது டீவியில் போனது என்று விளங்கியிருக்கும். சுத்தமாக வெட்டி வெட்டி, அதைக் காட்டுக்குள் யாரோ களவாக எடுத்த படம் மாதிரி ஆக்கியிருந்தேன். நான் இல்லை என்று சொன்னால், உள்ளே இருப்பவனுக்காகப் பேச யாரும் இல்லை.

கடையைத் தெரேசா அக்காவிடம் பார்க்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அக்கா ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு செபமாலையைக் கையில் திணித்தார். "நான் வேதக்காரன் இல்லியே அக்கா" என்றேன். "அது மாதாவுக்குத் தெரியும், வச்சிக்க" என்றார்.

அந்தச் சோதனைச் சாவடியில், வாசல் திறந்த அறையொன்றில், சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தவர் சந்தனம் அண்ணன். மேசைமேல் அவருடைய பையைக் கொட்டியிருந்தார்கள். முறுக்குப் பொட்டலம், எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தல், மாங்காய், குழந்தைக்குத் தைத்த சின்னச் சட்டைகள், அதற்குப் பக்கத்தில் பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்த சீடி. அவருடைய மகளை நாவுலையில் காய்கறித் தோட்டம் செய்யும் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் மாசமாக இருந்ததால் அந்த வருசம் கூத்துக்கு வரவில்லை. அப்பா ரதி கட்டுவதைப் பார்க்காத முதல் வருசம் அது. அவளுக்குக் காட்டத்தான் கொண்டு போயிருக்கிறார்.

என்னைப் பார்த்ததும், "நீங்க எதுக்கு தம்பி வந்தீங்க?" என்றார். அது அவருக்கு என்மேல் இருந்த கரிசனம்.

பொறுப்பாக இருந்தவர் ஒரு சார்ஜன்ட். தலை நரைத்த மனிதர். கத்திப் பேசவில்லை. அவர் பேசியது சிங்களம். நினைவில் இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன். அறை மூலையில் சின்ன டீவியும் ஒரு பிளேயரும் இருந்தன. படத்தைப் போட்டு, தீ வரும் இடத்தில் நிறுத்தினார்.

"எங்கே நடந்தது இது?"

தோட்டத்தைச் சொன்னேன்.

"யாரை எரிக்கிறார்கள்?"

"சாமியை, சேர்."

"சாமியை யாராவது எரிப்பார்களா?"

பக்கத்தில் நின்ற இளம் பொலிஸ்காரர் சிரித்தார். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. திரையில் அழுதுகொண்டிருந்த ரதியைக் காட்டினார். "இந்தப் பெண் யார் என்று இவனிடம் கேட்டேன். நான்தான் என்கிறான்." சந்தனம் அண்ணன் மாசியில் மீசையை எடுப்பார். இப்போது அது நன்றாகத் தடித்து வளர்ந்திருந்தது. சார்ஜன்ட் திரையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். "இவன் என்னை முட்டாள் ஆக்கப் பார்க்கிறானா?"

"அது அவர்தான் சேர். வேடம் கட்டியிருக்கிறார்."

"அப்படியென்றால் பாடிக் காட்டட்டும். இந்தக் குரல் வந்தால் நம்புகிறேன்."

நல்ல வழிதான் என்று எனக்கும் பட்டது. அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"முடியாதுங்க. அது எழவுப் பாட்டு. பொட்டல்ல, காப்புக் கட்டித்தான் பாடணும். பாடுனா எழுப்பணும். கண்ட எடத்துல பாடிட்டு மக வீட்டுக்குப் போக முடியாதுங்க."

"அண்ணே, ரெண்டு வரி" என்று தமிழில் கெஞ்சினேன்.

"புள்ளத்தாச்சி தம்பி அவ."

அவர் சொன்னதைச் சிங்களத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் சிங்களம் கடைச் சிங்களம். பாடமாட்டாராம் என்று மட்டும் சொன்னேன். சார்ஜன்ட் ரிமோட்டை மேசையில் வைத்தார். "சரி. நான் கேட்பதற்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை. ஜீப் வந்ததும் இவன் போகட்டும். உன்னைப் பற்றி ஐயாவிடம் கேட்டுச் சொல்கிறேன். அங்கே உட்கார்."

அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். படம் தீயில் நின்றபடியே இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த எழுத்து நினைவுக்கு வந்தது. வாத்தியாருக்காகத் திரும்ப அடித்த சீடியில், எழுத்து ஓடி முடியும் வரை விட்டிருந்தேன். அந்த எழுத்தின் கடைசியில், நடுத்திரையில், தொலைக்காட்சிக்காரரின் பெயரும் முத்திரையும் மூன்று மொழியிலும் பெரிதாக வரும். எங்கள் பட்டை மேல் மூலையில்தான் இருக்கும். அதை மறைக்காது.

எழுந்து சொல்லப் போனவன் நின்றுவிட்டேன். முதலில் அடித்ததில் ஒன்று திரும்பி வரவில்லை என்று வாத்தியார் சொல்லியிருந்தார். பழையது, புதியது இரண்டின் மேலும் ஒரே பேனாவால் 'காமன்' என்றுதான் எழுதியிருந்தேன். பிளேயருக்குள் இருப்பது எது? அது பழையதாக இருந்தால், கடைசி வரை பாருங்கள் என்று நான் சொல்லி, படம் தீயோடு முடிந்து கறுப்பாகிவிடும். அதற்குப் பிறகு நாங்கள் எதைச் சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அண்ணனிடம் கேட்கலாம் என்றால், தமிழில் குசுகுசுத்தால் அந்த இளம் பொலிஸ்காரர் ஓடி வருவார்.

அண்ணனைப் பார்த்தேன். இரண்டு வரி பாடினால் வெளியே போகலாம். ஆனாலும் பாடாமல் உட்கார்ந்திருக்கிற மனிதர் அவர். இந்த மனிதர், எரித்து எழுப்பாத காமனைத் தூக்கிக்கொண்டு, மாசமாக இருக்கும் மகள் வீட்டு வாசலை மிதிப்பாரா? மிதிக்க மாட்டார். எனக்குக் கிடைத்த சாட்சி அவ்வளவுதான். அதை நம்பி எழுந்தேன்.

"சேர், கடைசி வரைக்கும் பாருங்கள்."

"பார்த்தேன். நெருப்புத்தானே."

"நெருப்புக்குப் பிறகு இருக்கிறது சேர். டீவிக்காரர்கள் பெயர் வரும். வராவிட்டால் என்னையும் ஜீப்பில் ஏற்றுங்கள்."

வாழ்க்கையில் ஒரு அதிகாரியிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் ரிமோட்டை எடுத்தார். படம் நகர்ந்தது. தீ, கூச்சல், ரதி தலையில் அடித்துக்கொள்வது. பிறகு படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றது. சீடியைத் தாளில் சுற்றி, முறுக்கோடு பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். கீறல் விழுந்திருக்கும்.

"இதுதான் உன் கடைசியா?" என்றார் சார்ஜன்ட்.

"துடைத்துப் போட்டுப் பார்க்கலாமா சேர்?"

கையை நீட்டினேன். சீடியை எடுத்துத் தந்தார். உங்களுக்குத் தெரியும், வட்டமாகத் துடைத்தால் கீறல் கூடும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுத்துத் துடைக்க வேண்டும். முறுக்கு எண்ணெய் நன்றாகப் பிடித்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தேன். போடும்போது பிளேயர் தட்டில் அது சரியாக உட்கார இரண்டு முறை வைக்கவேண்டியிருந்தது.

திரும்ப ஓடியது. அதே இடத்தில் ஒரு தடவை திக்கியது. பிறகு தாண்டியது. ரதி அழுகிறாள். எழுத்து ஓட ஆரம்பித்தது. புதிய சீடிதான். எழுத்துக்குப் பின்னால் தண்ணீர் தெளித்தார்கள். மதன் எழுந்தார்.

"செத்தவன் எழும்புகிறானே" என்றார் இளம் பொலிஸ்காரர்.

"மூன்றாம் நாள் எழுப்புவார்கள்" என்றேன்.

கடைசியில் அந்த முத்திரை வந்தது. சார்ஜன்டுக்கு அதை வாசித்துக் காட்டத் தேவையிருக்கவில்லை. அதே முத்திரையை அவர் ஒவ்வொரு நாளும் செய்தியில் பார்க்கிறவர். படத்தை அதில் நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். உள்ளே போனில் யாரிடமோ பேசுவது கேட்டது. டீவிக்காரரின் காரியாலயத்துக்குப் போன் எடுத்துக் கேட்டாரோ, தன் அதிகாரியிடம் கேட்டாரோ, எனக்குத் தெரியாது. நிறைய நேரம் ஆனது. திரும்பி வந்து, "அவனை எழும்பச் சொல்" என்றார்.

அடையாள அட்டையைத் தந்தார்கள். அண்ணன் முறுக்கையும் போத்தலையும் சட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டபடி சார்ஜன்ட் சீடியை என்னிடம் நீட்டினார்.

"மல்லி, வேறு ஆட்கள் எடுத்த படத்தில் உன் கடைப் பெயரை எதற்கு ஒட்டுகிறாய்?"

"எல்லாரும் ஒட்டுகிறார்கள் சேர்."

"இனி ஒட்டாதே. யாரோ செய்ததற்கெல்லாம் நீ பதில் சொல்ல வேண்டி வரும்."

அதைவிட நல்ல தொழில் அறிவுரையை எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை. அது அங்கேயிருந்து வந்தது என்பதற்காகத் தள்ளிவிட முடியாது.

வெளியே வந்ததும் சீடியை அண்ணனிடம் கொடுத்தேன்; பாதையோரம் நின்றோம். மாத்தளைப் பக்கம் போகும் பஸ் ஒன்று வந்தது. "வாங்கண்ணே, வீட்டுக்குப் போயிரலாம். இன்னொரு நாளைக்கி மகளப் பாக்கலாம்" என்றேன்.

"வழியில கெட்டது நடந்தா பாதியில திரும்பக் கூடாது தம்பி. அதுவும் இதக் கையில வச்சிக்கிட்டு." மீசையைத் தடவிக்கொண்டார். "அந்தாளு என்னா கேட்டான் பாத்தீங்களா? இந்த மீசைக்காரன் அந்தப் பொம்பளயான்னு! கோவம் வருதா சிரிப்பு வருதான்னே தெரியல. அம்புட்டு நல்லா கட்டியிருக்கேன் போல."

அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டோம். உள்ளே கேட்க முடியாததை அப்போது கேட்டேன்.

"அண்ணே, மொதல்ல குடுத்த சீடில ஒண்ணு திரும்பி வரலன்னு வாத்தியார் சொன்னாரு. நீங்க கொண்டுவந்தது அதுவா இருக்குமோன்னு எனக்கு உசுரே இல்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், படிக்காதவனைப் பார்க்கிற மாதிரி ஒரு இரக்கம் இருந்தது.

"அது ஏங்கிட்டத்தான் இருந்திச்சி. புருசன எரிச்ச சீடிய ரதி எப்பிடித் தம்பி அடுத்தவங்க கையில குடுப்பா? காப்ப அவுத்து ஆத்துல விடுற எடத்துல அதையும் விட்டுட்டேன். வாத்தியார்ட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சி."

நாவுலைப் பஸ் வந்தது. ஏறும்போது பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தெரேசா அக்கா தந்த செபமாலையை, வழியில் இருக்கும் மற்றச் சாவடிகளைத் தாண்டும் வரையாவது வைத்திருக்கட்டும் என்று அவர் கையில் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை, வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

நானா திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் பட்டையைக் கணினியிலிருந்து அழிக்கச் சொன்னார். அன்றிலிருந்து வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டாலும் தொடக்கத்துப் பெயரையும் கடைசி எழுத்தையும் நான் வெட்டியதில்லை. "எழுத்து எதுக்கு தம்பி?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

இப்போது நீங்கள் வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்க்கிறேன். கடைசியில் பெயர் ஓட ஆரம்பித்ததும் உங்கள் விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போகிறது. வெட்டுவதாக இருந்தால் வெட்டுங்கள். ஆனால், அதற்கு முன் ஒரு தடவை முடியும் வரை ஓட்டிப் பாருங்கள். அந்த எழுத்துக்குப் பின்னால் யாரையாவது எழுப்பிக்கொண்டிருப்பார்கள்.